பவளத்தின் மூன்று கோடுகள்

எனக்கு வாய் நீளம் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரியும். கங்காணியையே நடுவழியில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பேச வேண்டிய நேரத்தில் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அறுபத்தொன்றாம் வருஷம் நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். மாத்தளை டவுனிலிருந்து பஸ் ஏறி, இறங்கின பிறகு மூன்று மைல் மலையேற வேண்டிய தோட்டம். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கூடையோடு வடிகால் காணுக்குள் விழுந்து இடுப்பு பிசகிய பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மூன்றாம் வகுப்புவரை படித்திருந்ததால் வரவுப் புத்தகமும் எழுதுவேன்.

ஒரு நீளமான அறை, தகரக் கூரை. பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து பாய், சின்னதுகளுக்கு ஏழு சேலைத் தொட்டில். ஏழு தொட்டிலையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தேன். அடுப்படியில் பால் கலக்கிக்கொண்டே கயிற்று நுனியை இழுத்தால் ஏழும் சேர்ந்து ஆடும். அந்த யோசனை என்னுடையதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காலையில் பேர் கூப்பிட்டு, வந்த பிள்ளைக்கு ஒரு கோடும் வராத பிள்ளைக்கு ஒரு சைபரும் போட வேண்டும். கோட்டை எண்ணித்தான் பால்மா வரும். ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மருந்து கொடுக்கிற தோட்டத்து டிஸ்பென்சருக்கு நான் துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டும், அவர் லயத்துக்கே போய்ப் பிள்ளையைப் பார்ப்பார். மூன்று நாள் வராவிட்டால் பேர் வெட்டு. மறுபடி சேர்க்க வேண்டுமென்றால் தோட்டத்தின் மேல்பிரிவான மேல் கணக்கிலிருந்து காத்திருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பிறகுதான் இடம். காய்ச்சல் பிள்ளையை உள்ளே எடுக்கவே கூடாது. மொத்தம் பன்னிரண்டு பிள்ளைக்குக் கீழே போனால் காம்பராவை மூடிவிட்டு என்னை மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்புவார்கள். கணக்கப்பிள்ளை இராமசாமி தினமும் வாசலில் நின்று தொட்டிலையும் பாயையும் எண்ணிக்கொண்டு போவார். முகத்தை எண்ண அவருக்கு நேரமில்லை.

அந்தச் சட்டங்களில் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது பேர் வெட்டு ஒன்றுதான். துண்டு போனால் டிஸ்பென்சர் வருவார் என்பது யார் மனசிலும் நிற்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பேர் போய்விட்டால் எல்லாம் போனமாதிரி. வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் பேர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கக் காம்பரா. பேரைக் காப்பாற்றுவதுதான் பெரிய உதவி என்று நினைத்து வளர்ந்த கூட்டம் நாங்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை கமலாட்சி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் பேர் பவளம். இரண்டரை வயசு. மூன்றாவது தொட்டில் அவளுடையது, சிவப்புப் பூப்போட்ட சேலை. வழக்கமாக இறக்கிவிட்டதும் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அம்மா தோளிலேயே கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

"காய்ச்சல் புள்ளைய எடுக்கக் கூடாதுடி. திருப்பிக் கொண்டு போ" என்றேன்.

"எங்கக்கா கொண்டு போவேன்? அவரு கலேவெலைக்கு வெங்காயம் புடுங்கப் போயி ஒரு மாசமாச்சி. நான் இந்த மாசம் ஏற்கெனவே நாலு நாளு நின்னுட்டேன். இன்னொரு நாளு நின்னா பேர வெட்டிடுவேன்னு கங்காணி சொல்லிட்டாரு."

"அதுக்கு நான் என்ன செய்யறது? மத்த புள்ளைங்களுக்குத் தொத்திக்கிட்டா உன் கங்காணியா பதில் சொல்லுவாரு?"

அவள் வாசலிலேயே நின்றாள். பவளம் தலையைத் தூக்கி உள்ளே பார்த்து, தொட்டிலைக் கைகாட்டினாள். நான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை.

"அப்ப லயத்துல படுக்கப் போட்டுட்டுப் போறேன்" என்றாள் கமலாட்சி. "பேர மட்டும் வெட்டிறாதீங்கக்கா."

"வெட்ட மாட்டேன், போ" என்றேன். அப்படிச் சொன்னபோது மனசு குளிர்ந்தே இருந்தது. ஒருத்திக்கு நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பவளத்தின் பேருக்கு நேரே கோடு போட்டேன். பேர் கூப்பிடும்போது அவள் பேரையும் கூப்பிட்டு, நானே "இருக்கு" என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது தொட்டிலை அவிழ்த்து வைத்திருக்க வேண்டும். வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அவிழ்த்தால் இராமசாமி ஆறு என்று எண்ணிவிடுவார். ஒரு சாக்கை மடித்து உள்ளே போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன். மற்ற ஆறோடு அதுவும் ஆடியது. பவளத்தின் சிவப்புக் கோப்பைக்கு வந்த பாலை நாலு வயசு சந்திரகாந்தாவுக்குக் கொடுத்தேன். அவள் இரண்டு கோப்பை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் இதே கதை. அன்று பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் வழியில் கமலாட்சி என்னிடம் வந்தாள்.

"எச்சி முழுங்க மாட்டேங்கறாக்கா. தொண்டையில கர் கர்ன்னு சத்தம் வருது. டிஸ்பென்சர் ஐயாகிட்ட தூக்கிட்டுப் போகவா?"

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சின்னப் பாவம்.

"பைத்தியக்காரி" என்றேன். "ரெண்டு நாளா வந்திருக்கான்னு புத்தகத்துல போட்டு வச்சிருக்கேன். நீ காய்ச்சல் புள்ளையத் தூக்கிட்டுப் போயி நின்னா அவரு புத்தகத்தக் கேப்பாரு. எனக்கும் வேலை போயிரும், உம் புள்ளைக்கும் பேர் போயிரும். கசாயம் வச்சுக் குடு. நாளைக்குப் பாப்போம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் கேட்பவள் அவள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தலையாட்டல்தான் கண்ணில் நிற்கிறது.

புதன்கிழமையும் கோடு போட்டேன். வியாழக்கிழமை விடியும்போது பவளம் செத்துப்போய்விட்டாள்.

டிஸ்பென்சர் அப்துல் ஸமத் மாத்தளை டவுன்காரர். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் வீட்டுக்குப் போய்வருவார். அதிர்ந்து பேசமாட்டார். லயத்தில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து புத்தகத்தை வாங்கினார். மூன்று கோட்டையும் பார்த்தார்.

"இது தொண்டை அடைப்பான். ஒரே நாளில முடியிற வருத்தம் இல்ல. மூணு நாளும் புள்ள வந்திச்சா?"

"வந்தா ஐயா."

"பால் குடிச்சிச்சா?"

"குடிச்சா."

எல்லாப் பிள்ளைகளின் தொண்டையையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. "மூணு நாளு ஒண்டா இருந்தும் ஒருத்தருக்கும் தொத்தல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். நான் நாக்கு கூசாமல் சொன்ன பொய்யை அவர் நம்பினார்.

லயத்தில் அவர் சொன்ன நோயை யாரும் நம்பவில்லை. நேற்றுவரை பால் குடித்து விளையாடின பிள்ளை இன்று பிணமானால் அது என்ன காய்ச்சல் என்று கேட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. நான்தான் அந்தப் பேச்சுக்கு விதை போட்டவள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பேர் கூப்பிட்டேன். அந்தப் புத்தகத்தில் பேர்கள் லயத்துக் காம்பரா வரிசையில் இருக்கும். ஐந்தாறு மாசமாக ஒரே வரிசையில் கூப்பிட்டுப் பழகின நாக்கு பவளத்தின் பேரையும் கூப்பிட்டுவிட்டது. நான் அடுத்த பேரைச் சொல்வதற்குள் சந்திரகாந்தா எழுந்து நின்று தொட்டில் பக்கம் கைகாட்டினாள்.

"பவளம் இருக்கு" என்றாள்.

போன வாரம் மூன்று நாள் நான் சொன்னதைத்தான் அந்தக் குழந்தை சொன்னது. அது எனக்குத் தெரியும். வாசலில் கூடையோடு நின்ற அவள் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவள் முகம் வெளுத்துவிட்டது. சந்திரகாந்தா அதோடு நிறுத்தவும் இல்லை. சிவப்புக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "பவளத்தோட பாலு எனக்கு" என்று நீட்டினாள். அவள் அம்மா கோப்பையைத் தட்டிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஏழு. அந்த வாரக் கடைசியில் ஐந்துதான்.

நான் மூன்றாவது தொட்டிலை அவிழ்த்துச் சேலையைக் கமலாட்சியிடம் கொடுத்திருந்தேன். ஆனாலும் கயிற்றை இழுக்கும்போது பழைய கனம் கையில் தெரிந்தது. வந்த பிள்ளைகளே குறைச்சல், கயிறு லேசாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மூன்றாவது தொட்டில் தொங்கின வளையத்தில் ஒன்றும் இல்லை, கயிறு மட்டும் மற்றதோடு சேர்ந்து போய் வந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், பத்து மணி வெயிலில் இதைப் பார்த்தேன். என் இடுப்பு வலியால் கை கனத்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நான் பார்த்ததைப் பார்த்தேன்.

இதைவிட எனக்குப் பயமாக இருந்தது கமலாட்சிதான்.

பிள்ளையைப் புதைத்த நாலாம் நாளே அவள் வேலைக்குப் போனாள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள். என் மூஞ்சியில் காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். துப்பினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, திங்கக்கிழமை அவ பாலு குடிச்சாளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் தெளிவாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் தன் பிள்ளை எங்கே கிடந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போனவள் அவள்தானே. தெரிந்துகொண்டேதான் கேட்டாள். என் புத்தகத்தில் இருந்த மூன்று நாளை அவள் என்னிடம் கேட்டாள்.

"குடிச்சாடி" என்றேன்.

"முழுசுமா?"

"கோப்பையக் கவுத்து வச்சிட்டா."

மறுநாளும் வந்தாள். செவ்வாய்க்கிழமை என்ன செய்தாள் என்று கேட்டாள். சந்திரகாந்தாவோடு சண்டை போட்டாள் என்றேன். புதன்கிழமை? மத்தியானம் நன்றாகத் தூங்கினாள், எழுப்பித்தான் ரொட்டி கொடுத்தேன் என்றேன். இப்படியே தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பிள்ளை அறைக்குள் நடமாடுவது தெரிய ஆரம்பித்தது. பாயில் அவள் உட்கார்ந்த இடம் இது, முந்தானையைப் பிடித்தது இங்கே என்று. ஊர் சொன்ன பேயை நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து வளர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை இராமசாமி வந்தார். இந்தத் தடவை எண்ணுவதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அஞ்சு. தொரைகிட்ட சொல்லிட்டேன் காத்தாயி. திங்கக்கிழமையோட கதவச் சாத்திரலாம்."

"பயந்துபோயிருக்காளுக ஐயா. ரெண்டு வாரம் குடுத்தா வந்துருவாளுக."

"நீயும் மலைக்குப் போ. பேய்க்குப் பால்மா குடுக்கத் தோட்டத்துல வழியில்ல."

என் வேலை போகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மறைப்பானேன்? வராத பிள்ளைகளின் அம்மாக்களைக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று, ஐந்து பிள்ளைகளையும் கமக்கட்டிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். காலை பத்து மணி. எல்லாரும் மலையில் இருப்பார்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

லயம் வெறிச்சென்று கிடந்தது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இரண்டு காம்பரா தள்ளி இன்னொன்று. அது அழுது ஓய்ந்து விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆறு கதவில் பூட்டுத் தொங்கியது. ஆறு பிள்ளைகளும் என் புத்தகத்துப் பிள்ளைகள். பேய்க்குப் பயந்து என்னிடமிருந்து தூக்கிக்கொண்டு போய், பவளம் கிடந்த மாதிரியே உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

கடைசிக் கதவு சந்திரகாந்தாவுடையது. என் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கதவிடுக்கில் விரலை நீட்டினாள்.

"ஆயா, பேர் கூப்புடு" என்றாள்.

நான் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்ததுகள் வேறு பயந்து அழுதன. கதவிடுக்கு வழியாக அவள் பேரைக் கூப்பிட்டேன். "இருக்கு" என்றாள். பவளத்தின் பேரைக் கூப்பிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை பிரட்டுக்களத்தில், பேர் போட எல்லாரும் வரிசையில் நிற்கும்போது நான் நடுவில் போய் நின்றேன். இராமசாமி செக்ரோல் புத்தகத்தோடு நின்றார். டிஸ்பென்சரையும் வரச் சொல்லியிருந்தேன். கமலாட்சி இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவளை முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் வேண்டாம் என்பாள், எனக்கு மறுபடி வாய் அடைத்துவிடும் என்று கேட்கவில்லை.

"பவளம் அந்த மூணு நாளும் என் காம்பராவுல இருக்கல" என்றேன். "காய்ச்சல்னு வாசல்லயே திருப்பி அனுப்பினேன். அனுப்பிட்டு வந்ததா கோடு போட்டேன். அவ பாலச் சந்திரகாந்தாவுக்குக் குடுத்தேன், அதான் அந்தப் புள்ள கேக்குது. டிஸ்பென்சர் ஐயாகிட்டப் போகாதேன்னு சொன்னதும் நான்தான். அங்க பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான் இருந்தேன். என்னைய மலைக்கு அனுப்புங்க, வேற ஆள வைங்க. புள்ளைங்கள மட்டும் பூட்டிட்டு வராதீங்க."

எல்லாரும் கமலாட்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போ பிள்ளை எங்கே கிடந்தது என்று கேட்க எவளுக்கும் வாய் வரவில்லை. வரிசையில் பாதிப் பேர் முந்தானையில் அன்றைக்கு ஒரு சாவி முடிந்திருந்தது. சந்திரகாந்தாவின் அம்மாதான் முதலில் கூடையைக் கீழே போட்டுவிட்டு லயத்துப் பக்கம் ஓடினாள். பிறகு மற்றவர்களும் ஓடினார்கள். இராமசாமி கத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். மேல் கணக்கிலிருந்து ஒன்றைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கி, காம்பராவை மூடாமல் விட்டார்கள். மாசக் கடைசியில் என்னை மலைக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இடுப்புக்குத்தான் வருத்தம்.

நான் பிரட்டுக்களத்தில் பேசின அன்று மத்தியானம் டிஸ்பென்சர் வந்து புத்தகத்தை விரித்து வைத்தார். ஏசுவார் என்று பார்த்தேன். அவருக்கு ஏசத் தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை துண்டு வந்திருந்தா நான் போய்ப் பாத்திருப்பேன்" என்றார். "மாத்தளை ஆஸ்பத்திரியில ஊசி இருக்கு. புழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். புழைச்சிருக்கலாம்."

புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "மூணு கோட்டையும் வெட்டி சைபர் போடுங்க. பக்கத்துல உங்கட பேர எழுதுங்க" என்றார்.

பேனாவை எடுத்தேன். அப்போது வாசலில் கமலாட்சி நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. காலையில் நான் செய்ததற்கு இப்போதாவது துப்புவாள் என்று நின்றேன்.

"எதுங்கக்கா அவ பேரு?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் காட்டினேன். பேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூன்று கோட்டையும் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள். தேயிலைக் கறை பிடித்த விரல்.

"மூணையும் எடுத்துருவீங்களா?"

"எடுக்கணும்டி. பொய்யி."

"ஒண்ணையாச்சும் விட்டு வைங்கக்கா" என்றாள். "திங்கக்கிழமை தூக்கிட்டு வந்தேனே."

டிஸ்பென்சரைப் பார்த்தேன். "வந்த புள்ளைக்குத்தானே கோடு" என்றார் அவர், சத்தமில்லாமல்.

"வந்தா ஐயா. வாசல் வரைக்கும் வந்தா. தொட்டிலக்கூடக் கைகாட்டினா."

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

செவ்வாய்க்கிழமைக்கு சைபர் போட்டேன். புதன்கிழமைக்கு சைபர் போட்டேன். இரண்டுக்கும் பக்கத்தில் காத்தாயி என்று எழுதினேன். திங்கட்கிழமைக் கோட்டை அப்படியே விட்டேன். அந்த ஒரு கோடு பொய்யில்லை. பவளம் வந்தாள். நான்தான் உள்ளே எடுக்கவில்லை.